மேலே ஐந்து, கீழே மூன்று

எங்கள் தீவன ஆலையில் ஐந்து மிக்ஸர்கள் உண்டு. வீட்டுச் சமையலறை மிக்ஸியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும் இரும்புத் தொட்டி. நடுவில் ஒரு தண்டு, தண்டு முழுக்கக் கத்திகள். கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் அதற்குள் புரண்டு கலக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம், சுவரில் அப்பிக் கிடப்பதைச் சுரண்டி எடுக்க ஓர் ஆள் மேல்மூடியைத் திறந்துகொண்டு உள்ளே இறங்க வேண்டும். அப்படி இறங்குகிறவன் என் தம்பி.

இந்த வேலையை அவனுக்கு வாங்கித் தந்ததே நான்தான். "எங்கயாவது கண்காணாத இடத்துக்கு அனுப்பிடாதே. உன் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்று அம்மா நச்சரித்ததில், மேனேஜரிடம் பல்லைக் காட்டி வாங்கினேன். நன்றி விசுவாசம் எல்லாம் அவனிடம் எதிர்பார்க்க முடியாது. "நீ குளுகுளு ரூம்ல உக்காந்து மவுசை உருட்டு. நான் போய் இரும்பு வயித்துக்குள்ள உருளறேன்" என்று போகிற போக்கில் ஒரு குத்து குத்திவிட்டுத்தான் போவான். நான் ஆலையின் கம்ப்யூட்டர்காரி. ஆலை ஓடுவதற்கான டேட்டாபேஸ் புரோகிராம் நான் எழுதியது. அதில் கோளாறு வந்தாலும் திட்டு எனக்கு, கரண்ட் போனாலும் திட்டு எனக்கு.

அந்த புரோகிராமில் ஒரு திரைதான் ஆலையில் எல்லோருக்கும் முக்கியம். அதில் இரண்டு ஃபார்ம்கள். மேலே இருப்பது மெயின் ஃபார்ம்; எந்த மிக்ஸர் என்று சொல்லும். அதற்குள்ளேயே கீழே பொருத்தியிருப்பது சப் ஃபார்ம். அந்த மிக்ஸருக்குள் இப்போது யார் இறங்கியிருக்கிறார்கள் என்று சொல்லும். மிக்ஸர் எண்தான் இரண்டையும் கோத்து வைத்திருக்கிறது. மேலே உள்ளது அடுத்த மிக்ஸருக்கு நகர்ந்தால் கீழே உள்ளதும் இடுப்புக் குழந்தை மாதிரி கூடவே போகும். சப் ஃபார்மில் ஒரு பெயர் இருந்தால் அந்த மிக்ஸரின் பட்டனைத் தொடக் கூடாது. காலியாக இருந்தால் சைரன் ஊதிவிட்டு ஓட்டலாம். ஆலையின் சட்டம் அவ்வளவுதான். முன்பு ஆட்கள் ஓடி ஓடிக் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரை வந்த பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார்கள். திரைதான் சொல்கிறதே!

எந்த மிக்ஸர் என்று தேர்ந்தெடுக்க மேலே ஒரு பெட்டி வைத்திருந்தேன். அதை அமுக்கினால் ஐந்து மிக்ஸர்களின் பெயர்களும் பட்டியலாகக் கீழே விழும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் ஓர் ஈவென்ட் எழும். ஈவென்ட் என்றால் பூதம் ஒன்றுமில்லை. 'பெட்டி மாறிவிட்டது, எழுந்திருந்து உன் வேலையைப் பார்' என்று தட்டி எழுப்புவது, அவ்வளவுதான். அது தட்டினால் மெயின் ஃபார்ம் அந்த மிக்ஸருக்கு நகரும், பின்னாலேயே சப் ஃபார்மும் நகரும்.

கண்ட்ரோல் ரூமில் பட்டன்களுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்போம். பாட்டில் அடிபோல் தடித்த கண்ணாடி. அந்தப் பெட்டியின் குட்டி எழுத்துகளில் மூன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்று வாரக்கணக்காக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். "பெருசா ஒரு லிஸ்ட் வச்சுக் குடும்மா. ரெண்டு தட்டு தட்டுனா அந்த மிக்ஸர் வந்துடணும். என் கண்ணுக்குப் புண்ணியமாப் போகும்."

நியாயமான கோரிக்கை. பக்கத்தில் பெரிய எழுத்தில் இன்னொரு குட்டி ஃபார்ம் திறக்கும்படி செய்தேன். அதில் மிக்ஸர் பெயரை இரண்டு முறை தட்டினால், அந்தப் பெயர் மெயின் ஃபார்மின் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு வரி நிரல். அன்று காலை ஆலை தொடங்குமுன் கண்ணாடிக்காரரின் கணினியிலும், ஷிப்ட் இன்சார்ஜ் மேடத்தின் கணினியிலும், என்னுடையதிலும் ஏற்றிவிட்டேன். சோதித்தும் பார்த்தேன். ஒன்றைத் தட்டினேன், மேலே ஒன்று என்று வந்தது, கீழே ஆள் இல்லை. நான்கைத் தட்டினேன், மேலே நான்கு என்று வந்தது, கீழே ஆள் இல்லை. அந்த நேரத்தில் எந்த மிக்ஸரிலும் ஆள் இறங்கவில்லை. காலிக்குப் பதிலாக வேறொரு காலி வந்து நின்றால் எந்தக் கண்ணால் கண்டுபிடிப்பது? கண்ணாடிக்காரர் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

மதியம் சாப்பிடும்போது தம்பி என் டப்பாவில் கைவிட்டு நல்லதையெல்லாம் பொறுக்கித் தின்றான். கழுத்தில் காது மூடி தொங்கியது. இரும்பைச் சுரண்டும் சத்தம் காதைக் கிழிக்கும் என்று உள்ளே இறங்கும்போது அதை மாட்டிக்கொள்வான். மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

"சாப்பிட்டதும் எதுல இறங்கற?" என்றேன்.

"மூணுல. மேடம் சொல்லிட்டாங்க."

"மூடி திறந்து காத்து போக விட்டு இறங்கு."

"சரிங்க டாக்டரம்மா" என்று என் தண்ணீர் பாட்டிலையும் காலி செய்துவிட்டு எழுந்து போனான்.

என் இடத்துக்குத் திரும்பினேன். அவன் எதில் இறங்கியிருக்கிறான் என்று திரையில் ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். அவனுக்குத் தெரிந்தால் ஊரைக் கூட்டிக் கேலி செய்வான், அதனால் சொன்னதில்லை. புதுப் பட்டியலில் மூன்றைத் தட்டினேன். மேலே மிக்ஸர் மூன்று. கீழே யாரும் இல்லை. இன்னும் இறங்கவில்லை போல, எங்கேயாவது நின்று வாயடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். சும்மா நான்கைத் தட்டினேன். காலி. ஐந்து. காலி. இரண்டு. காலி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சப் ஃபார்ம் வேறு மிக்ஸருக்கு மாறும்போது ஒரு கண் சிமிட்டும் நேரம் வெள்ளையாகிவிட்டுத் திரும்ப வரும். அது சிமிட்டவே இல்லை. மேலே பெயர் மட்டும் மூன்று, நான்கு, ஐந்து என்று மாறிக்கொண்டிருந்தது. கீழே ஒன்றும் அசையவில்லை.

பழைய வழியில், பெட்டியை என் கையால் திறந்து, மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். சப் ஃபார்ம் சிமிட்டியது. தம்பியின் பெயர் வந்து நின்றது.

என்ன நடந்திருக்கிறது என்று ஒரே நொடியில் புரிந்துவிட்டது. பெட்டியை ஒரு மனிதர் மாற்றினால்தான் அந்த ஈவென்ட் எழும். நிரல் மாற்றினால் எழாது. நிரல் பெட்டியில் பெயரை வைத்துவிட்டுப் போய்விடும். யாரும் யாரையும் தட்டி எழுப்ப மாட்டார்கள். மேலே பெயர் மாறியிருக்கும், ஃபார்ம் மட்டும் பழைய மிக்ஸரிலேயே உட்கார்ந்திருக்கும். இந்தத் தொழிலில் முதல் வருடத்திலேயே எல்லோரும் படிக்கிற பாடம். எனக்கும் தெரியும். பெயரை வைத்த கையோடு அந்த ஈவென்டையும் நாமே கூப்பிட்டுவிட வேண்டும், இன்னும் ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் நான் எழுதவில்லை.

கண்ணாடிக்காரரின் திரையும் இப்போது இதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அவர் மூன்றைத் தட்டுவார், மேலே கொட்டை எழுத்தில் மூன்று என்று வரும், கீழே, திரை திறந்ததும் முதலில் வந்து நிற்கிற ஒன்றாம் மிக்ஸரின் காலிப் பட்டியல் தெரியும். பட்டனை அமுக்குவார். சைரன் ஊதும். காது மூடி மாட்டியவனுக்கு அது கேட்காது.

இன்டர்காமை எடுத்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. அந்த மனிதர் போனை எடுத்தால் லேசில் வைக்க மாட்டார். போனைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினேன்.

அலுவலகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் லாரிகள் நிற்கும் முற்றம். அதை நான் தினமும் கடக்கிறேன், அன்றைக்குத்தான் அது அத்தனை நீளம் என்று தெரிந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் என்னவோ கேட்டார்கள். நிற்காமல் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போயிற்று. கண்ட்ரோல் ரூமுக்குப் போகும் இரும்புப் படியில் கால் வைத்தேன், சைரன் ஊதியது.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. படிக்கட்டு முழுக்க அதிரத் தொடங்கியது. ஒரு மிக்ஸர் ஓடுகிறது. எது என்று இங்கிருந்து தெரியாது. அம்மா நினைவுக்கு வந்தாள். அவளிடம் என்ன சொல்வது என்று அந்த நிமிடமே மனம் வார்த்தை தேடத் தொடங்கிவிட்டது. என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. எப்படி ஏறினேன் என்று தெரியாது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன்.

"நிறுத்துங்க! மூணை நிறுத்துங்க!"

கண்ணாடிக்காரர் போனைக் கழுத்தில் இடுக்கியபடி திரும்பினார். "மூணா? மூணு எங்கம்மா ஓடுது? ஓடறது அஞ்சு. மூணு அடுத்தது."

ஐந்து. மூன்று இல்லை. உயிர் போய் உயிர் வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு இரைக்க, புதுப் பட்டியல் தப்பாகக் காட்டுகிறது, எந்த மிக்ஸரையும் தொடாதீர்கள், தம்பி மூன்றுக்குள் இருக்கிறான் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. போனை வைத்துவிட்டுக் கையை பட்டன் பலகையிலிருந்து சட்டென்று இழுத்துக்கொண்டார்.

கதவருகே இன்சார்ஜ் மேடம் வந்து நின்றிருந்தார். யாரை எந்த மிக்ஸரில் இறக்குவது என்று முடிவு செய்து, கீழே தன் கணினியில் பெயரைப் பதிகிறவர் அவர். நான் கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"மூணுல யாரு? உன் தம்பியா?" என்றார். "அவனை மூணுல இறக்கலையே. மூணுல ஈரம் காயலைன்னு கடைசி நேரத்துல அஞ்சுக்கு மாத்திட்டேனே."

"இல்ல மேடம், மூணுலதான் பேரு இருக்கு. நான் இப்பதான் பாத்தேன்."

"அது எப்படி? முதல்ல பழைய பெட்டியில மூணை எடுத்து வச்சிருந்தேன். அப்புறம் உன் புது லிஸ்ட்ல அஞ்சைத் தட்டினேன். மேல அஞ்சுன்னு வந்துச்சு. அதுக்கப்புறம்தானே கீழ பேரு போட்டேன்."

மேலே ஐந்து. கீழே மூன்று. சப் ஃபார்மில் எழுதுவது பெட்டி காட்டுகிற மிக்ஸருக்குப் போகாது. ஃபார்ம் எந்த மிக்ஸரில் உட்கார்ந்திருக்கிறதோ அதற்குத்தான் போகும். மேடம் ஐந்து என்று நினைத்து எழுதிய பெயரை, நான் கட்டிய திரை மூன்றில் கொண்டு சேர்த்திருக்கிறது. தம்பி ஐந்தில் இருக்கிறான். ஐந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கத்தினேனா என்று தெரியாது. கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். கண்ணாடிக்காரர் பலகையில் இருந்த பெரிய சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். தரையின் அதிர்வு மெதுவாக அடங்கியது. தண்டு உடனே நிற்காது, சுற்றிச் சுற்றித்தான் நிற்கும். அது நிற்கும் வரை அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேடம்தான் முதலில் ஓடினார். நானும் எழுந்து போனேன், ஆனால் மிக்ஸர் மேடைக்கு ஏறும் ஏணி வரைக்கும்தான். மேலே ஐந்தின் மூடி திறந்து கிடந்தது, அதிலிருந்து தூசி புகைந்துகொண்டிருந்தது. திறந்த மூடி. உள்ளே இறங்கியவன்தான் மூடியைத் திறந்து வைத்திருப்பான். ஏணியின் அடிக்கம்பியைக் கட்டிக்கொண்டு, "பாருங்க மேடம், பாருங்க, இல்ல வேண்டாம், பாக்காதீங்க" என்று உளறிக்கொண்டிருந்தேன். மேடம் மண்டியிட்டு டார்ச்சை உள்ளே அடித்தார். நெடுநேரம் அடித்துக்கொண்டே இருந்தார். இரும்பில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. கையை விட்டு ஒரு பொருளை வெளியே இழுத்தார். அவன் சுரண்டுகிற கம்பி. நேராக இருந்த கம்பி இரண்டாக மடங்கி, முறுக்கிப் பிழிந்த துணி போல இருந்தது.

"வேற ஒண்ணும் தெரியலை" என்றார் மேடம். அவர் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "ஒரே தூசி. இரு, அடங்கட்டும்."

தூசி அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை எனக்கு விவரிக்கத் தெரியாது. பயந்தேன் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. தூசி அடங்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"என்னக்கா, ஒத்தக் கால் செருப்போட நிக்கற?"

பின்னால் நின்றிருந்தான். காது மூடி கழுத்தில் தொங்கியது. முகமெல்லாம் ஈரம், கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கண்ணுல தூசி போயிடுச்சு. வெளிய வந்து குழாய்ல கழுவிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள எவனோ மிக்ஸரை ஓட்டிட்டான். ஆமா, கேக்க மாட்டாங்களா? நான் உள்ள..." என்று மேலே பார்த்தான். மேடத்தின் கையில் இருந்த கம்பியைப் பார்த்தான்.

அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். நான் அறைந்தேன். அவன் கண்ணில் ஒரு துகள் தூசி விழுந்ததால்தான் அவன் என் முன்னால் நிற்கிறான். விழாமல் இருந்திருந்தால் அந்தக் கம்பி இருந்த இடத்தில் அவன் இருந்திருப்பான், திரை அப்போதும் 'மிக்ஸர் ஐந்து, உள்ளே யாரும் இல்லை' என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

மேனேஜர் வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணாடிக்காரர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பாத்தேனே... காலின்னுதானேம்மா இருந்துச்சு... நான் நல்லாப் பாத்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பு அவர் கண்ணில் இல்லை, நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்.

இரண்டு மூன்று முறை தப்பாக அடித்து, கடைசியில் அந்த ஒரு வரியை எழுதினேன். எல்லாக் கணினிகளிலும் மாற்றினேன். மூன்றிலிருந்து தம்பியின் பெயரை எடுத்தேன். ஒவ்வொரு மிக்ஸரிலும் பொய்ப் பெயர்களைப் போட்டு, தட்டித் தட்டிப் பார்த்தேன். மேலே எது வந்ததோ அதுவே கீழேயும் வந்தது. சிமிட்டியது. நூறு முறை தட்டினாலும் சரியாகத்தான் வந்தது.

"சரியாயிடுச்சு இல்ல?" என்றார் மேனேஜர். "அப்ப ஓட்டலாமா? லாரிங்க நிக்குது."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். திரை சரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் காலையிலும் சரி என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்னைக் கேக்காதீங்க சார். ஸ்கிரீனையும் கேக்காதீங்க" என்றேன். "உள்ள போன ஆளு இங்க வந்து நிக்கட்டும். அவங்களே அமுக்கட்டும். இனிமே எப்பவும் அப்படித்தான். இல்லைன்னா நான் இந்த புரோகிராமையே அழிச்சிடுவேன்."

மேனேஜர் முறைத்தார். மேடம் அந்தக் கம்பியைக் கொண்டுபோய் மேனேஜருக்கு முன்னால் மேசைமேல் வைத்தார். மேனேஜர் அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "சரி, வரச் சொல்லுங்க" என்றார்.

தம்பி கண்ட்ரோல் ரூமுக்கு வந்தான். கேலி கிண்டல் எதுவும் இல்லை. கண்ணாடிக்காரர் எழுந்து அவனுக்கு நாற்காலியை விட்டார். அவன் உட்காராமல் நின்றபடியே ஐந்தாம் பட்டனில் விரலை வைத்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றேன். சைரன் ஊதியது. தரை அதிர்ந்தது. மிக்ஸர் சுழலத் தொடங்கிய சத்தம் காலில் ஏறி வயிறு வரை வந்தது.

"தம்பி" என்றேன்.

"இருக்கேன்கா" என்றான், திரும்பாமல்.

கண் முன்னால்தான் நின்றான். இன்னொரு முறை கூப்பிட்டேன்.